ஊமை இளவரசன்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த 2006 கோடையில் ஒரு மாதம் பாளையங்கோட்டையில் பெரியப்பா வீட்டில் கிடந்தேன். அண்ணன் அப்போது இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். புராஜெக்ட் செய்ய வேண்டும் என்று சொல்லி வாங்கிய கம்ப்யூட்டரில், பெரியப்பாவுக்குத் தெரியாமல் ஒரு கிராபிக்ஸ் கார்டையும் மாட்டி வைத்திருந்தான். அந்தக் கார்டு இல்லாமல் தொடங்கவே தொடங்காத கேம்கள் வர ஆரம்பித்திருந்த நேரம். ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: வாரியர் விதின்’ அதில் ஒன்று.

சிடி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் 50 ரூபாய்க்கு வாங்கியது. உறை மேல் மார்க்கர் பேனாவில் ‘ரிப்’ என்று எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் கேம் ஆடியவர்களுக்கு ரிப் என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பல சிடி பிடிக்கிற ஒரு கேமை ஒற்றைச் சிடியில் திணிப்பதற்காக வீடியோ, பாட்டு, வசனம் எல்லாவற்றையும் உருவி எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருக்கும் எலும்புக்கூடுதான் நமக்குக் கிடைக்கும். நியாயமாகப் பார்த்தால் அது திருட்டுச் சரக்கு. அன்றைக்கு எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை, அசல் எப்படி இருக்கும் என்று பார்த்திருந்தால்தானே.

ஆகவே எங்கள் இளவரசன் ஊமை. வாயைத் திறப்பான், கையை ஆட்டுவான், சத்தம் வராது. எதிரில் ஒரு பெண் வந்து நின்று ஏதோ சொல்வாள், அதுவும் வராது. காலடிச் சத்தம், வாள் மோதும் சத்தம், எங்கேயோ தண்ணீர் விழும் சத்தம், இவ்வளவுதான். இடிந்த கோட்டை ஒன்றில் ஒருவன் தனியாக ஓடிக்கொண்டே இருக்கிறான். அவ்வப்போது திரை சாம்பல் நிறமாக மாறி, சுவரை உடைத்துக்கொண்டு கருப்பாக, கொம்பு வைத்த ஒன்று துரத்தி வரும். நின்று சண்டை போட முடியாது. ஓடுவது ஒன்றுதான் வழி.

அண்ணனுக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை. கதையை அவனே சொல்ல ஆரம்பித்தான். கீபோர்டில் நான், பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை மடக்கி அவன். “அந்தக் கருப்பு இருக்குல்லா, அது இவனோட அப்பா. அரியர் வச்சதைச் சொல்லாம மறைச்சிட்டான். அதான் வெரட்டுதாரு.” அண்ணனுக்கு அப்போது நான்கு அரியர் இருந்தது, பெரியப்பாவுக்கு அதுவும் தெரியாது. நான் பயத்தில் தப்பான பொத்தானை அழுத்தி இளவரசன் பள்ளத்தில் விழுந்து செத்தால், “இல்ல இல்ல, விழல. நான் மாத்திச் சொல்லிட்டேன்” என்பான். அந்த ஒரு வரியின் அருமை எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் புரிந்தது.

2008-ல் கல்லூரி விடுதியில் ஒரு நண்பனின் லேப்டாப்பில் ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ இருந்தது. நான் ஆடியதற்கு முந்தைய பாகம், 2003-ல் யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனத்தின் மான்ட்ரியல் கிளை செய்தது. இது முழுப் பதிப்பு, குரலெல்லாம் இருந்தது. இரவு நேரம், ஒரு மாடத்துக்கு வெளியே ஒருவன் நிற்கிறான். காலம் நதி மாதிரி ஒரே திசையில் ஓடுகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் நான் காலத்தின் முகத்தைப் பார்த்தவன், அது புயலடிக்கும் கடல் என்கிறான். நிதானமான, கொஞ்சம் தற்பெருமை கலந்த குரல். பிறகு கதைக்குள் போகிறோம். ஐந்தாவது நிமிடத்திலேயே நான் ஒரு பள்ளத்தில் விழுந்து செத்தேன். அந்தக் குரல் குறுக்கிட்டது. இல்லையில்லை, அப்படி நடக்கவில்லை, திரும்பச் சொல்லவா என்று கேட்டது.

எனக்குப் பாளையங்கோட்டை பிளாஸ்டிக் நாற்காலி ஞாபகம் வந்தது.

இந்தத் தொடரைப் பற்றி யார் பேசினாலும் ‘காலத்தின் மணல்’ என்ற மந்திர மணலைக் கொண்டு காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றும் கத்தியைச் சொல்வார்கள். சரிதான், அது புதுமைதான். சுவரில் ஓடி, கம்பத்தில் தொங்கி, தவறி விழுந்தால் ஒரு பொத்தானை அழுத்திப் பத்து நொடி பின்னால் போகலாம். கேம் ஆடுகிறவனை அவமானப்படுத்தாமல் தவறைத் திருத்திக்கொள்ள விடுகிற ஏற்பாடு. ஆனால் அந்தக் கத்தி தனியாக நின்று வேலை செய்வதில்லை. கதையை ஒருவன் சொல்கிறான், ஒருத்தி கேட்கிறாள், அதற்குள் செருகியிருக்கும்போதுதான் அதற்கு உயிர். கேமை சேவ் செய்தால், அடுத்த முறை கதையை இங்கிருந்து தொடங்குகிறேன் என்பான். பாதியில் மூடப் போனால், கதை முடியும் முன்பே என்னைப் போகச் சொல்கிறாயா என்று கேட்பான். சேவ், பாஸ், கேம் ஓவர் என்று எல்லாக் கேம்களிலும் இருக்கிற வெறும் மெனு வேலைகளைக்கூடக் கதை சொல்கிறவனின் வாயில் போட்டிருக்கிறார்கள். சேவ் செய்யும் இடங்களில் இனி நடக்கப் போவது துண்டு துண்டாக ஒரு கனவுபோல் ஓடும். அடுத்து எங்கே ஏற வேண்டும் என்பதற்கு அது துப்பு. கதையாகப் பார்த்தால், சொல்கிறவனுக்கு முடிவு ஏற்கெனவே தெரியும் என்பதற்கு அது சாட்சி.

நம் ஊரில் கதை கேட்கிறவர்கள் ‘உம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் பாட்டி நிறுத்திவிடுவாள். இந்தக் கேமில் உம் கொட்டுகிற இடத்தில் ஆடுகிறவனை உட்கார வைத்திருக்கிறார்கள். கடைசியில்தான் தெரிகிறது, அந்த இடம் நமக்கானதே இல்லை என்று. மாடத்துக்குள் இருந்து முழுக் கதையையும் கேட்டுக்கொண்டிருந்தவள் ஃபாரா, இந்தியாவிலிருந்து சிறைபிடித்து வரப்பட்ட ஓர் அரசனின் மகள். கதைக்குள் அவனோடு கூடவே நடந்தவளும் அவள்தான். ஆனால் காலம் பின்னால் சுழன்றுவிட்டதால் அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. தன்னை அறியாத ஒருத்தியிடம், அவளும் தானும் எப்படிப் பழகினோம் என்று ஒருவன் விடிய விடியச் சொல்லிக்கொண்டிருக்கிறான். இருபது வருடத்துக்கு முந்தைய கேம், முடிவைச் சொல்லிவிட்டேன் என்று யாரும் கோபப்பட மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இந்த இடத்தில் ஒரு சொல் வருகிறது. சின்ன வயதில் பயம் வந்தால் சொல்லச் சொல்லி அம்மா கொடுத்த மந்திரச் சொல் என்று, வேறு யாருக்கும் சொல்லாததை இளவரசன் ஃபாராவிடம் சொல்கிறான்: காகோலூகீயம். கேமின் கடைசியில், பெயர் என்ன என்று கேட்பவளிடம் அதையே பெயராகச் சொல்லிவிட்டு இருட்டுக்குள் மறைகிறான். அது பஞ்சதந்திரத்தின் மூன்றாம் தந்திரத்துக்கு வடமொழியில் உள்ள பெயர். காக்கைக்கும் ஆந்தைக்கும் நடந்த பகையின் கதை. பஞ்சதந்திரம் ஆறாம் நூற்றாண்டிலேயே பாரசீகத்துக்குப் போய் பஹ்லவி மொழியில் பெயர்க்கப்பட்ட நூல், ஆகவே பாரசீக இளவரசனின் அம்மா அதைத் தெரிந்து வைத்திருந்ததில் தப்பே இல்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது முழுக்க என் கிறுக்கு: காலமறிதல் அதிகாரத்தின் முதல் குறளில் கூகையைப் பகலில் வெல்வதும் இதே காக்கைதான். காலத்தைப் பற்றிய கேமில் அந்தச் சொல் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து அன்றிரவு விடுதி வராந்தாவில் நான் குதித்த குதிக்கு யாரும் உம் கொட்டவில்லை.

குறை இல்லாமல் இல்லை. சண்டைகள் ஒரே மாதிரி இருக்கும். பகைவனின் தலைக்கு மேல் தாவி முதுகில் வெட்டு, விழுந்தவுடன் கத்தியைச் செருகி மணலை உறிஞ்சு, இல்லாவிட்டால் எழுந்து வருவான். முதல் மணி நேரத்தில் கற்றுக்கொண்டதைக் கடைசி வரை செய்துகொண்டிருக்க வேண்டும். ஒருவனை முடித்தால் இருவர் முளைப்பார்கள். அரண்மனைக்குள் மேலே ஏறும் லிஃப்டில் ஒரு சண்டை வருமே, அதை ஆடியவர்களிடம் கேளுங்கள், பல்லைக் கடிப்பார்கள். வில்லோடு நிற்கும் ஃபாராவையும் காப்பாற்ற வேண்டும், நடுவில் போனால் அவள் அம்பு நம் மேலேயே பாயும். ஆனால் அதற்கும் இளவரசன் ஏதாவது முணுமுணுப்பான், அவள் பதில் சொல்வாள். குறைகூட இருவருக்கிடையே பேச்சாக மாறிவிடுகிறது.

முடிவுக்குச் சற்று முன் இந்தக் கேம் செய்கிற ஒரு காரியத்தை இன்றுவரை வேறெங்கும் இவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததில்லை. ஃபாரா கத்தியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். அதோடு காலத்தைச் சுழற்றும் வசதியும் போய்விடுகிறது. பத்து மணி நேரமாக விழுந்தால் திரும்பலாம் என்ற தைரியத்தில் பழகிய விரல், உயரமான கோபுரம் ஒன்றின் வெளிச்சுவரில் ஏறும்போது அந்தப் பொத்தானைத் தேடும், அங்கே ஒன்றும் இருக்காது. பதிலுக்கு ஒரே வெட்டில் பகைவனை முடிக்கும் வாள் கையில் இருக்கிறது. சண்டை சுலபமாகி, ஏறுவது பயமாகிறது. துணை போன பிறகு ஒருவனுக்கு எது எளிது, எது கடினம் என்பதை வசனமே இல்லாமல் கையில் உணர வைக்கிறார்கள்.

விமர்சகர்கள் கொண்டாடினார்கள். விற்பனை அந்த அளவுக்கு முதலில் எழவில்லை. அடுத்த பாகம் ஒரே வருடத்தில், 2004-ன் கடைசியில் வந்துவிட்டது. முதல் பாகத்தின் படைப்பு இயக்குநர் பாட்ரிஸ் டெசிலே அதற்குள் வேறு வேலைக்குப் போயிருந்தார். இளவரசனின் அடுத்த அவதாரம் என்று தொடங்கி, போகப் போக இளவரசனே இல்லாமல் 2007-ல் ‘அசாசின்ஸ் கிரீட்’ என்று வெளிவந்தது அந்த வேலைதான். 1989-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக இந்த இளவரசனை முதலில் உருவாக்கி, ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ கதையையும் எழுதிய ஜோர்டன் மெக்னருக்கும் இரண்டாம் பாகத்தில் பங்கில்லை. அது போன திசையும் அதிலிருந்த வன்முறையும் தனக்குப் பிடிக்கவில்லை என்று பின்னாளில் அவர் வெளிப்படையாகவே சொன்னார்.

மெக்னரின் அந்தப் பழைய கேமை நான் பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில் ஆடியிருக்கிறேன். ஒரு மணி நேரத்துக்குள் இளவரசியைக் காப்பாற்ற வேண்டும், முள் தரையில் குதித்தால் தீர்ந்தது. தம்பியை ஓடவும் தாவவும் சொல்லிப் படம் பிடித்து, அந்த அசைவுகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தார் அவர். வாள் சண்டைக்கு 1938-ல் வந்த ராபின் ஹூட் படத்தின் சண்டைக்காட்சி உதவியது. அதனால்தான் அந்தச் சின்னப் பொம்மைக்கு உடம்பின் கனம் இருந்தது. தாவிப் பிடித்துத் தொங்கி மூச்சு வாங்குகிற அந்தக் கனம் 2003-ல் முப்பரிமாணத்துக்கு வந்தும் போகவில்லை. ‘வாரியர் விதின்’-லும் அது இருந்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். கால், கை, தோள் எல்லாம் அதே இளவரசன். திறந்த வாய்தான் வேறு யாருடையதோ.

‘வாரியர் விதின்’ முழுப் பதிப்பை 2013-ல் ஆன்லைன் தள்ளுபடியில் காசு கொடுத்து வாங்கினேன், பழைய பாவத்துக்குப் பிராயச்சித்தமாகவும் இருக்கட்டும் என்று. ஏழு வருடத்துக்கு முன் ஒரு மாதம் நான் கூடவே ஓடிய அந்த மௌனமான மனிதன் முதன்முதலாக வாயைத் திறந்தான். வந்தது ஒரு கெட்ட வார்த்தை, எதிரில் நின்ற பெண்ணைப் பார்த்து.

முதல் பாகத்தின் யூரி லோவன்தால் குரல் போய் ராபின் அட்கின் டவுன்ஸின் குரல் வந்திருந்தது. நடிகரைக் குறை சொல்வதற்கில்லை, உறுமச் சொன்னார்கள், உறுமியிருக்கிறார். ஓட்டத்துக்குப் பின்னணியில் காட்ஸ்மேக் என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் கிதார். முதல் பாகத்தின் இசையமைப்பாளர் ஸ்டூவர்ட் சாட்வுட்டேதான் இதற்கும், ஆனால் அந்தக் கிதார் வரும் இடங்களில் அவருடைய பாரசீக வாசனையெல்லாம் எங்கோ போய்விடுகிறது. முதல் பகைவி ஷாடியின் உடை அரைமுழம். கேமரா அவளை எங்கேயிருந்து காட்டத் தொடங்குகிறது என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. நடிகை மோனிகா பெலூச்சியைக் கதையின் நாயகி கைலீனாவுக்குக் குரல் கொடுக்க வைத்திருக்கிறார்கள், பேசுவதற்குத்தான் ஒன்றும் கொடுக்கவில்லை. வெட்டினால் தலை பறக்கிறது. பெரியவர்களுக்கு மட்டும் என்ற முத்திரையை விரும்பி வாங்கியதுபோல இருக்கிறது. பதினைந்து வயதுப் பையன் பெரியவன் மாதிரி இருக்க ஆசைப்பட்டுச் செய்வதையெல்லாம் ஒரு பெரிய நிறுவனம் செய்திருந்தது. நான் பதினைந்து வயதில் ஆடியது அந்த வேஷம் எல்லாம் கழற்றப்பட்ட பதிப்பை. விசித்திரம்தான்.

கதையைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தால் இரண்டாம் பாகம்தான் பெரிய கதை. நான் இதைச் சும்மா சொல்லவில்லை. முதல் பாகத்தில் இளவரசன் காலத்தைப் பின்னால் சுழற்றி எல்லாவற்றையும் சரி செய்தான் அல்லவா, அதற்கான பில் இங்கே வருகிறது. காலத்தின் மணலை விடுவித்தவன் சாக வேண்டும் என்பது விதி. அவன் சாகவில்லை. கணக்கை நேர் செய்ய டஹாகா என்ற காவல் பூதம் ஏழு வருடமாகத் துரத்துகிறது. பாரசீகத் தொன்மத்தில் அஜி தஹாகா என்றொரு பாம்பு அரக்கன் உண்டு, பெயர் அங்கிருந்து வந்தது. தப்பிக்க ஒரே வழி, மணலே உண்டாகாமல் தடுப்பது. அதற்காகக் காலத் தீவுக்குப் போய், கடந்த காலத்துக்குள் நுழைந்து, மணலை உண்டாக்கப்போகும் பேரரசியைக் கொல்கிறான். அவள் உடம்பிலிருந்துதான் அந்த மணல் உண்டாகிறது. தடுக்க வந்தவனே காரணமாகிவிட்டான். ஒரு நாடகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. ஆரம்பத்தில் ஒரு கரிய உருவம் தூரத்தில் நின்று இளவரசனைப் பின்தொடர்கிறது. ஓரிடத்தில் டஹாகா அவனை விட்டுவிட்டு அந்த உருவத்தை இழுத்துக்கொண்டு போகிறது. பல மணி நேரம் கழித்து இளவரசன் ஒரு முகமூடியை அணிகிறான், அவனே அந்தக் கரிய உருவமாகிறான். உடம்பிலிருந்து உயிர் ஒழுகிக்கொண்டே இருக்க, பழைய இடங்களுக்கே மறுபடி வந்து, முன்னால் ஓடும் தன்னையே பார்க்கிறோம். அதே காட்சி எதிர்ப் பக்கத்திலிருந்து. டஹாகா வருகிறது. இந்த முறை யாரை இழுக்கும்? வசனமே இல்லாமல் எங்களுக்கு இது புரிந்தது. அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து, “லேய், அது இவனேதாம்ல!” என்று கத்தியதில் பெரியம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். ஒரு மாதம் அவன் சொன்ன கதையில் சரியாக வந்த ஒரே இடம் அதுதான்.

இவ்வளவு நல்ல சரக்கு இருந்தும் ஏன் இது சோடை போன பாகமாக நிற்கிறது? நிறத்தை, ரத்தத்தை, மெட்டல் இசையைச் சொல்லுவார்கள். அதெல்லாம் மேல்பூச்சு. எனக்கென்னவோ இந்த இளவரசன் பேச ஆளில்லாமல் நிற்பதுதான் மூலக்குறையாகத் தெரிகிறது. ஃபாராவைப் பற்றி மூச்சே இல்லை. யாரிடம் இந்தக் கதையைச் சொல்கிறான் என்பதும் இல்லை. தவறி விழுந்தால் காலத்தைச் சுழற்றும் வசதி அப்படியே இருக்கிறது, முன்னைவிட அதிக வித்தையோடு. ஆனால் ‘அப்படி நடக்கவில்லை’ என்று சொல்ல ஒருவரும் இல்லாதபோது அது வீடியோ பிளேயரின் ரீவைண்ட் பொத்தான், அவ்வளவுதான். கதையே காலத்தை மாற்றினால் என்ன தண்டனை என்பதைப் பற்றி. நாமோ நிமிடத்துக்கு நாலு தடவை காலத்தை மாற்றிக்கொண்டிருக்கிறோம், கேம் அதைக் கண்டுகொள்வதே இல்லை. முதல் பாகத்தை எழுதியவர்கள் கையில் இது கிடைத்திருந்தால், ஒவ்வொரு ரீவைண்டுக்கும் டஹாகா ஓரடி நெருங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றும். என் ஆசை, விடுங்கள். கேட்க ஆளில்லாதவன் கொஞ்ச நேரத்தில் கத்தத்தான் செய்வான். இவனும் கத்துகிறான்.

சண்டை பற்றிய புகாருக்கு மட்டும் நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். இடது கையில் பகைவனின் ஆயுதத்தையே பிடுங்கிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் வீசி எறியலாம். தூணைப் பிடித்துச் சுழன்று சுற்றிலும் வெட்டலாம். திரைச்சீலையில் வாளைச் செருகிக் கிழித்துக்கொண்டே இறங்கலாம். முதல் பாகத்தில் சண்டை வந்தால் பெருமூச்சு விட்டேன். இதில் சண்டையைத் தேடிப் போனேன். ஓட்டமும் அப்படியே. டஹாகா துரத்தும்போது, முன்பு நிதானமாக யோசித்துத் தாண்டிய அதே சுவர், அதே கம்பம், அதே பள்ளம் எல்லாம் ஒரே மூச்சில் வரும். டஹாகாவால் தண்ணீரைத் தாண்ட முடியாது, ஆகவே எங்கேயாவது நீர்த்திரை கண்ணில் பட்டால் வரும் நிம்மதி இருக்கிறதே, அதை முதல் பாகம் ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை.

கோட்டையின் வரைபடமும் அன்று வசவு வாங்கியது. ஒரே கோட்டையை நிகழ்காலத்தில் இடிபாடாகவும் கடந்த காலத்தில் முழுசாகவும் வைத்து, நடு மண்டபத்திலிருந்து இயந்திரக் கோபுரத்துக்கும் தோட்டக் கோபுரத்துக்கும் போய்ப் போய் வர வைத்தார்கள். போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போவதா என்று அலுத்துக்கொண்டார்கள். வழி தெரியாமல் நாங்களும் இரண்டு நாள் தோட்டத்திலேயே சுற்றினோம். ஆனால் இதே தொடரில் 2024-ல் வந்த ‘தி லாஸ்ட் கிரவுன்’ முழுக்க முழுக்கப் போன இடத்துக்குத் திரும்பிப் போகிற கேம், அதை எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். இருபது வருடத்தில் நம் பொறுமை வளர்ந்துவிட்டதா, அல்லது அது இன்னும் நல்ல வரைபடமா? இரண்டாவதுதான்.

மன்னிக்க முடியாத ஒன்றும் உண்டு. கோட்டையில் ஒன்பது இடங்களில் உயிர் கூட்டும் ரகசிய அறைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்பதையும் கண்டுபிடித்தால்தான் நீர்வாள் என்ற ஆயுதம் கிடைக்கும், அது கையில் இருந்தால்தான் டஹாகாவை எதிர்த்து நின்று கொல்லும் முடிவு வரும். கிடைக்காதவர்களுக்கு வேறு முடிவு. அடுத்த பாகத்தின் கதையோ நீர்வாள் முடிவிலிருந்து தொடங்குகிறது. உண்மையான கடைசி அத்தியாயத்தை அட்டைக்குள் ஒளித்து வைத்துப் புத்தகம் விற்ற மாதிரி. எங்களுக்கு இரண்டும் வாய்க்கவில்லை. மேடையில் அந்தப் பெண்ணோடு சண்டை முடிந்தது, வீடியோ ரிப்பில் இல்லை, திரை கருப்பாகி நேராக டெஸ்க்டாப்புக்கு வந்துவிட்டது. “அப்பா மன்னிச்சிட்டாரு போல” என்றான் அண்ணன்.

2005-ல் வந்த மூன்றாம் பாகம் ‘தி டூ த்ரோன்ஸ்’ ஒரு பரிகாரம். லோவன்தால் திரும்பி வந்தார், வெயில் திரும்பி வந்தது, ஃபாரா திரும்பி வந்தாள். இளவரசனின் தலைக்குள்ளேயே ஒரு குரல் உட்கார்ந்து கிண்டலடித்துக்கொண்டே வருகிறது. பேச ஆள் வேண்டும் என்பதை அவர்களும் கண்டுகொண்டார்கள் போல. கதையைச் சொல்கிறவள் கைலீனா, முந்தின பாகத்தில் பேச ஒன்றும் கிடைக்காதவள். இரண்டு பாகத்தையும் ஒட்டுப்போட்ட தையல் ஆங்காங்கே தெரியும், பதுங்கிப் போய்க் கொல்லும் புது வித்தை ஐந்தாவது முறைக்குப் பிறகு வெறும் தாளக்கணக்காகிவிடும். ஆனால் கடைசிக் காட்சியில் ஃபாரா, என் பெயர் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறாள். அவன் பதில் சொல்லாமல் கதையை ஆரம்பிக்கிறான். காலம் நதி மாதிரி ஒரே திசையில் ஓடுகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள் என்று, முதல் பாகத்தின் முதல் வரியிலிருந்து. மூன்று கேம் சுற்றி அலைந்துவிட்டு உம் கொட்டுகிறவளிடமே வந்து சேர்கிறார்கள்.

‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ புதிதாகச் செய்யப்படுகிறது என்று 2020-ல் அறிவித்தார்கள். முதலில் புனே, மும்பைக் கிளைகளிடம் கொடுத்து, 2022-ல் மான்ட்ரியலுக்கே மாற்றினார்கள். அது பட்ட பாடு தனிக்கதை. ‘வாரியர் விதின்’-ஐ அப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு ஆப்ஷன்ஸில் இரண்டு ஸ்லைடர் போதும். வசனத்தைப் பூஜ்யத்துக்கு இழுப்பேன், இசையைப் பூஜ்யத்துக்கு இழுப்பேன். தண்ணீர்ச் சத்தம் மட்டும் மிஞ்சும். அது இன்னும் நல்ல கேம்தான்.

போன தீபாவளிக்கு அண்ணன் மஸ்கட்டிலிருந்து வந்திருந்தான். அதே வீடு, அதே அறை. இப்போது அங்கே பெரியப்பாவின் கட்டில் கிடக்கிறது. என் லேப்டாப்பில் முழுப் பதிப்பைப் போட்டுக் காட்டினேன். பத்து நிமிடம் பார்த்தான். இளவரசன் யாரையோ திட்டி உறுமினான்.

“இவன் எதுக்குல இப்பிடிக் கத்துதான்? நல்லாத்தானே இருந்தான்” என்றான் அண்ணன்.

சத்தத்தைக் குறைக்கத் தெரியாமல் ஸ்பீக்கர் வயரையே பிடுங்கிவிட்டான். திரை சாம்பல் நிறமானது. சுவர் உடைந்தது. அவன் பையன், எட்டு வயது, என் தோளுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டு கேட்டான்: “யாருப்பா அது?”

“அதுவா,” நாற்காலியில் காலை மடக்கினான் அண்ணன், “அது அவங்க அப்பா. இவன் நாலு அரியர் வச்சிருந்தான். வீட்ல சொல்லல.” ஓரக்கண்ணால் கட்டிலைப் பார்த்துக்கொண்டான்.

“உம்” என்றான் பையன்.